மூச்சின் ஈரம்

ஒரு வீட்டில் ஈரம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளச் சுவரைத் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. செருப்பு வைக்கிற அலமாரியைத் திறந்தாலே போதும். நாலு நாள் போடாத தோல் செருப்பின் மேல் சாம்பல் படிந்த மாதிரி ஒரு படலம் இருந்தால் அந்த வீட்டில் எனக்கு வேலை இருக்கிறது. முப்பத்திரண்டு வருடமாக நான் இப்படித்தான் வேலை பிடிக்கிறேன். வீட்டுக்காரர் வாசலில் நின்று வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் கீழே போய்விடும். மரியாதை தெரியாத ஆள் என்று சிலர் நினைத்திருக்கலாம்.

நடந்ததை நடந்தபடி சொல்லச் சொன்னீர்கள். சுற்றி வளைக்க வேண்டாம் என்றும் சொன்னீர்கள். என் தொழிலைச் சொல்லாமல் என் மகளைப் பற்றி மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் பிடிபடாது. மறுபடி ஆரம்பத்திலிருந்து கேட்பீர்கள். மாப்பிள்ளை எழுதிக் கொடுத்த புகாரில், நான் என் மகளைக் கொன்றுவிட்டேன் என்று ஒரே வரி இருக்கிறது. அவர் லாரி ஓட்டுகிறவர், அவருக்கு அவ்வளவுதான் எழுத வரும். நான் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். குடிக்கத் தண்ணீர் வைத்ததற்கு நன்றி.

என்னை எல்லோரும் ஈரக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கும் உங்களுக்கும்தான் தேவைப்படுகிறது. சுவர் அழுதால் ஈரக்காரரைக் கூப்பிடு என்று கட்டடம் கட்டுகிறவர்களிடையே ஒரு பேச்சு உண்டு. அதை நான் கிளப்பிவிடவில்லை, கிளப்பியவர்களைத் தடுக்கவும் இல்லை. தரைமட்டத்துக்குக் கீழே கட்டுகிற அறைகள்தான் என் தனித் திறமை. கீழறை என்பது மண்ணுக்குள் புதைத்து வைத்த பெட்டி. நாலு பக்கமும் தண்ணீர் எப்போது சந்து கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருக்கும். அதை உள்ளே விடாமல் இருக்கச் சுவரைக் கழுவிக் காயவிட வேண்டும், நீர் புகாத பூச்சை இரண்டு தரம் அடிக்க வேண்டும், அதன் மேல் சிமெண்டு பூச வேண்டும். ஆனால் இந்த வேலைக்கெல்லாம் உயிர் எங்கே இருக்கிறது என்றால் மூலையில். சுவரும் தரையும் சேருகிற கோடு இருக்கிறதே, அதைச் சிமெண்டுக் கலவையால் வளைவாக அடைக்க வேண்டும். அதை நாங்கள் மூலை கட்டுவது என்போம். மூலை கட்டாத சுவருக்கு மேலே தங்கத்தைக் கரைத்துப் பூசினாலும் வீண். தண்ணீர் முதலில் வந்து தட்டிப் பார்க்கிற கதவு அதுதான். இதை நான் குறைந்தது ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

மூன்றரை வருடத்துக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. எனக்கு அவள் ஒருத்திதான். வளர்ந்த பிறகும் நான் பாப்பா என்றே கூப்பிடுவேன். தையல்காரி. பள்ளிச் சீருடை தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பாள். கை அவ்வளவு சுத்தம், தையல் நூல் பிடித்த மாதிரி போகும். மாப்பிள்ளை லாரியில் போனால் பத்து நாள், பன்னிரண்டு நாள் திரும்ப மாட்டார். அவ்வளவு நாள் அவள் வேறெங்கோ தனியாக இருக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டுக் கீழறையையே அவர்களுக்கு ஒரு குடித்தனமாக மாற்றிக் கொடுத்தேன். ஒரு பெரிய அறை, சின்னச் சமையல் இடம், குளியலறை. அவள் கேட்டதெல்லாம் மெஷின் போட வெளிச்சமாக ஓர் இடம். மேலே ஒட்டி ஒரு சன்னல் வைத்து அதையும் கொடுத்தேன். எல்லாம் என் கையால் செய்தது.

அந்த வேலையில் ஒரு தவறு நடந்தது. கிழக்குச் சுவர் ஓரமாகத் தரை ஓட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். மற்ற மூன்று பக்கமும் மூலை கட்டினேன். பெட்டிகளை நகர்த்தியதும் கிழக்கை முடித்துவிடலாம் என்று விட்டுவைத்தேன். பதினோரு அடி, அரை நாள் வேலை. அதற்குள் வேறொரு வீட்டில் கீழறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் என்று ஆள் வந்தது, போய்விட்டேன். அங்கே நின்று, அந்த வீட்டுக்காரரிடம் மூலை கட்டுவதன் அருமையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். சிரிக்கத் தோன்றினால் சிரிக்கலாம், எனக்கும் ஒரு காலத்தில் சிரிப்பு வந்தது. அப்போது என் வீட்டிலிருந்து பூச்சுக்காரர் போன் செய்தார்.

"அண்ணே, பெட்டியெல்லாம் நகத்திட்டேன். இந்தப் பக்கம் மூலை கட்டியாச்சா, இல்லையா? பாத்தா கட்டுன மாதிரி தெரியல."

வீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் ஆச்சு. நீங்க பூசுங்க" என்றேன்.

அந்தப் பூச்சுக்காரர் உங்களிடம் வந்து சொன்னது உண்மைதான். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் சொன்னால் அது வேதவாக்கு என்று பழகியவர் அவர். கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. பூசியதை உடைத்துத் திரும்பச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பக்கம் மண் மேடு, தண்ணீர் ஓட்டம் கிடையாது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் ஒன்றும் ஆகவும் இல்லை.

அந்த இரண்டு வருடத்தில் கீழறைதான் எனக்கு விளம்பரப் பலகை. வேலை கொடுக்க வருகிறவர்களை நேராகக் கீழே கூட்டிக்கொண்டு போவேன். கையை வைத்துப் பாருங்கள், கன்னத்தை வைத்துக்கூடப் பாருங்கள் என்பேன். பாப்பா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று சிரிப்பாள். "எங்கப்பா கட்டுன சுவருங்க, காகிதத்த ஒட்டி வச்சாக்கூட நமத்துப்போகாது" என்பாள். அவள் சொன்னதைக் கேட்டே எனக்கு நாலைந்து பெரிய வேலைகள் வந்திருக்கின்றன. சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பார்கள். எனக்கு அந்தச் சுவர்தான் எல்லாம்.

பிறகு பக்கத்து வீட்டுக்காரர் தன் கூரைத் தண்ணீர் குழாயைத் திருப்பி எங்கள் கிழக்குப் பக்கம் விட்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அவருக்கு அங்கேதான் இடம் இருந்தது. ஒரு மழைக்காலம் போதும். ஒருநாள் பாப்பா மேலே ஏறி வந்தாள், கையில் சின்னப் பிள்ளைகள் போடுகிற வெள்ளைச் சட்டை ஒரு கட்டு.

"அப்பா, கடையில இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. பாருங்க, காலர்ல புள்ளி புள்ளியா."

கடுகைவிடச் சின்னப் புள்ளிகள், கறுப்பு. எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, பூசணம். கீழே இறங்கிப் போனேன். கிழக்குச் சுவரில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது, சரியாகப் பதினோரு அடி நீளத்துக்கு. என் மனைவி படியில் நின்றபடியே மூக்கைச் சுளித்தாள். "என்னங்க, ஊருக்கெல்லாம் ஈரம் பாக்கற உங்களுக்கே வந்து நிக்குது" என்றாள். அவள் கேலியாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்று குத்தியது.

பதறாதீர்கள், சோதனை செய்து பார்த்துவிடலாம் என்றேன். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்கிற சோதனைதான். ஒரு பிளாஸ்டிக் தாளை முழச் சதுரமாக வெட்டிச் சுவரில் வைத்து நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்ட வேண்டும். இரண்டு நாள் யாரும் தொடக் கூடாது. மூன்றாம் நாள் தாளில் நீர்த்துளி நிற்கும். துளி தாளுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் இருந்தால் தண்ணீர் மண்ணிலிருந்து வருகிறது. வேலை செய்தவன் சரியாகச் செய்யவில்லை. துளி முன்னால், அறைப் பக்கம் இருந்தால் சுவர் மேல் குற்றம் கிடையாது. அது உள்ளே இருக்கிறவர்களின் ஈரம். சமையல், குளியல், காயப்போட்ட துணி, எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சு. தூங்குகிற ஒரு மனுஷர் ஒரு ராத்திரியில் ஒரு டம்ளர் தண்ணீரைக் காற்றில் விடுகிறார் என்று என் வாடிக்கையாளர்களிடம் சொல்வேன். கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.

மூன்றாம் நாள் காலையில் பாப்பாவும் என் மனைவியும் மேலே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நான் தனியாகக் கீழே போனேன். துளிகள் சுவர்ப் பக்கம் இருந்தன. சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஓரத்தில் சேர்ந்து வழிந்தே இருந்தது. அறைப் பக்கம் விரலால் தடவிப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

தாளை டேப்போடு உரித்தால் எது எந்தப் பக்கம் என்று காட்டிக் கொடுத்துவிடும். அதனால் டேப்புக்கு உள்பக்கமாகக் கத்தியால் நறுக்கித் தாளை மட்டும் தனியாக எடுத்தேன். வெறும் தாள் கைக்கு வந்துவிட்டால் எந்த முகம் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எடுத்தவனைத் தவிர யாருக்கும் தெரியாது. அதைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு அவர்களைக் கூப்பிட்டேன். "பாத்தியா பாப்பா, ஈரம் உன் பக்கந்தான். சுவருக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. "நானாப்பா?" என்று கேட்டாள்.

நான் அவளைத் திட்டவில்லை. இதில் யாரும் வெட்கப்பட ஒன்றுமில்லை, பழக்கத்தை மாற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று தோளில் தட்டிக் கொடுத்தேன். கீழே துணி காயப்போடாதே, வெந்நீர் வைக்காதே, குளிக்க மேலே வா, துணி தேய்க்கும்போது தண்ணீர் தெளிக்காதே, மழை நாளில் சன்னலைத் திறக்காதே. எல்லாம் நல்ல யோசனைகள்தான். வேறு வீடுகளில் இவையெல்லாம் பலன் கொடுத்திருக்கின்றன. அவள் ஒன்றுவிடாமல் செய்தாள். மாப்பிள்ளை லாரியில் கிளம்பிப் போகிற அன்று அவளுக்குக் கண் கலங்குவது வழக்கம். அதைக்கூடப் படியில் வந்து உட்கார்ந்துகொண்டு செய்தாள். "உள்ள அழுதா அதுவும் ஈரந்தானே" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒரு மாதம் கழித்து ஒருநாள், "இப்பல்லாம் வாய மூடிக்கிட்டுத்தான் தூங்குறேன்ப்பா. ஆனா சுவரு கேக்க மாட்டேங்குது" என்றாள். பழகப் பழகச் சரியாகும் என்றேன்.

உடைத்துச் சரிசெய்திருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. உடைத்தால் தூசி, சத்தம், ஒரு வாரம் வாசலில் இடிபாடு. ஈரக்காரர் வீட்டிலேயே ஈரம் என்று அன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும். நான் கட்டிக் கொடுத்த கீழறைகள் நாற்பதுக்கு மேல். ஒவ்வொரு வீட்டுக்காரரும் அன்று ராத்திரியே டார்ச்சை எடுத்துக்கொண்டு தன் மூலையைப் பார்க்க இறங்குவார். அவர்கள் மூலையெல்லாம் ஒழுங்காகக் கட்டியவைதான். ஆனால் சந்தேகம் வந்துவிட்டால் காய்ந்த சுவரும் நனைந்த மாதிரிதான் தெரியும். மழைக்காலம் முடியட்டும், மாப்பிள்ளையும் பாப்பாவும் எங்காவது பத்து நாள் போகட்டும், சத்தமில்லாமல் முடித்துவிடலாம் என்று இருந்தேன். மழைக்காலம் முடிந்தபோது சுவர் பார்வைக்குக் காய்ந்துவிட்டது. பிறகு எதற்கு உடைப்பது என்று தோன்றியது.

பூசணத்தை நான் சும்மா விட்டுவைக்கவில்லை. பதினான்கு மாதத்தில் மூன்று தரம் பெயிண்ட் அடித்தேன். பெயிண்டுக்கு அடியில் அது செத்துப்போகாது என்று எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். ஆனாலும் பார்வைக்கு இரண்டு மாதம் தாங்கும். அதற்கிடையே வாடிக்கையாளர்கள் வருகிற நாட்களில் என்ன செய்வது என்று யோசித்தேன். பீரோவை அங்கே நகர்த்தலாம், ஆனால் பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பது என் தொழிலில் எல்லோருக்கும் பழக்கம். ஆகவே அவர்கள் கட்டிலை நகர்த்தினேன். தலைமாடு கிழக்குச் சுவரை ஒட்டி வருகிற மாதிரி போட்டு, பின்னால் ஒரு திரையையும் தொங்கவிட்டேன். கல்யாணமான பெண் படுக்கிற கட்டிலுக்குப் பின்னால் எந்த ஆளும் குனிந்து பார்க்க மாட்டான். அந்த மட்டும் உலகத்தில் மரியாதை இருக்கிறது.

ஆமாம், அவள் தலை வைத்த இடத்துக்கும் அந்தச் சுவருக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தது. நீங்கள் அளந்தது சரி.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று எனக்குத் துல்லியமாக நினைவில்லை. முதலில் தூசி என்றோம். நூல் தூசி, பஞ்சுத் தூசி, தையல்காரிக்கு வருகிறதுதானே. பிறகு படியேறினால் மூச்சு வாங்கியது. பதினாறு படி, எட்டாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்வாள். மாப்பிள்ளை ஒருமுறை, "மாமா, ரூம்ல ஏதோ வாடை வருது, அதாலதான் இருக்குமோ?" என்று கேட்டார். "நீங்களும் அதே ரூம்லதானே படுக்கிறீங்க மாப்பிள்ளை, உங்களுக்கு ஒண்ணும் இல்லையே" என்றேன். மாதத்தில் எட்டு நாள் படுக்கிறவருக்கும் முப்பது நாள் இருக்கிறவளுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத் தெரியும். அவருக்குத் தோன்றவில்லை. நல்ல மனிதர், பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

என் மனைவி மட்டும் விடவில்லை. அவளை மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடலாம், கூடத்தில் ஒரு கட்டில் போட்டால் போதும் என்று தினமும் ஆரம்பிப்பாள். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, "உங்களுக்குப் புள்ள பெருசா, சுவரு பெருசா?" என்று கேட்டாள். நான் கோபப்படவில்லை. பாப்பா மேலே வந்தால் கீழே ஏன் இருக்கவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள், அவள்தானே ஈரத்துக்குக் காரணம், மேலே வந்தால் மேலேயும் இதே கதைதான் நடக்கும் என்று எடுத்துச் சொன்னேன். பாப்பாவே, "வேணாம்மா, நான் கீழயே இருக்கேன். மேல வந்து இதையும் கெடுத்துடப் போறேன்" என்று சொல்லிவிட்டாள்.

இப்போது டாக்டரம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு அதுதான் முக்கியம் என்று தெரிகிறது.

பாப்பாவின் மார்பைப் படம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு நுரையீரலிலும் மேகம் மாதிரி திட்டு. டாக்டரம்மா என்னையும் மாப்பிள்ளையையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். இது இரண்டில் ஒன்றாக இருக்கலாம். உடம்பே தன் நுரையீரலைத் தாக்குகிற நோயாக இருந்தால், உடம்பின் எதிர்ப்பை அடக்குகிற பலமான மருந்து கொடுக்க வேண்டும். பூசணம் மூச்சோடு உள்ளே போய் வேர் பிடித்திருந்தால் அந்த மருந்தைத் தொடக்கூடக் கூடாது, எதிர்ப்பு அடங்கியதும் பூசணம் கேட்பாரில்லாமல் பரவும். சோதனை முடிவு தெளிவாக வரவில்லை. அதனால் நேராகவே கேட்டார்.

"வீட்ல ஈரம், பூசணம் ஏதாவது இருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. இத வச்சுத்தான் நான் மருந்து முடிவு பண்ணணும்."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். "இல்லைங்க" என்றேன். டாக்டரம்மா எழுதப் போனார், பிறகு பேனாவை நிறுத்தி, கீழறை என்கிறீர்களே, யாராவது விவரம் தெரிந்தவர் வந்து பார்த்திருக்கிறாரா என்று கேட்டார். நான்தான் அந்த விவரம் தெரிந்தவன் என்றேன். அவருக்கு என்னைத் தெரிந்திருந்தது. அவருடைய அக்கா வீட்டுக் கீழறை என் வேலை. மறுநாள் என் பெயர் அச்சடித்த தாளில் பரிசோதனைச் சான்று எழுதிக் கொடுத்தேன். சுவர்கள் நான்கும் உலர்ந்தவை, நீர்க்கசிவு இல்லை, பூசண வளர்ச்சி இல்லை, கீழே கையெழுத்து. அந்தத் தாள்தான் உங்கள் கோப்பில் மூன்றாவதாக இருப்பது. டாக்டரம்மா அதை வாசித்துவிட்டு நிம்மதியாக மருந்தை ஆரம்பித்தார்.

எட்டு நாள் அவள் நன்றாக இருந்தாள் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இருமல் குறைந்தது, பசி எடுத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் அம்மாவின் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக் கொடுத்தாள். பார்த்தாயா, அப்பா சொன்னது சரியாகிவிட்டது என்று எனக்கே தோன்றியது. அந்த எட்டு நாளில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

ஒன்பதாம் நாள் காய்ச்சல் ஏறியது. பதினொன்றாம் நாள் முகமூடி வைத்து மூச்சுக் கொடுத்தார்கள். அன்று மத்தியானம் டாக்டரம்மா வார்டுக்கு வெளியே வந்து என்னிடம் இரண்டாவது தடவை கேட்டார். "மறுபடியும் கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. பூசணம் இருக்கறதுக்கு ஒரு சின்ன வாய்ப்பாவது இருக்கா? இப்பச் சொன்னாக்கூட மருந்த மாத்திடுவேன்."

அந்த நேரம் என் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். பெரிய கட்டட ஒப்பந்தக்காரர். பன்னிரண்டு கீழறைகள் எனக்குத் தருவதாகப் பேசி வைத்திருந்தவர், பாப்பாவைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அவர் முன்னால் எப்படிச் சொல்வது? "அப்படி எதுவும் இல்லைங்க" என்றேன். அவர் போனதும் தனியாகப் போய்ச் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவர் நல்லவர், ஆறுதல் சொல்லிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது, டாக்டரம்மா வேலை முடிந்து கிளம்பிவிட்டார். மறுநாள் காலையில் சொல்லலாம் என்றால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரே என்று ஒரு மாதிரியாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. தள்ளிப்போட்டவனுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

அன்றே சொல்லியிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டரம்மா உங்களிடம் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். அது அவர் துறை.

பதினான்காம் நாள் அவள் போய்விட்டாள். காரியமெல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை கீழே தன் துணிமணியை எடுக்கப் போனவர், கட்டிலை நகர்த்தினார். திரையை விலக்கினார். லாரியிலிருந்து கடப்பாரையைக் கொண்டுவந்து பூச்சைத் தட்டினார். நான் மேலே கூடத்தில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. ஒழுங்காகக் காய்ந்த சுவராக இருந்தால் அப்படி விழாது. என் மனைவி எழுந்து படியிறங்கிப் போனாள். திரும்பி ஏறி வந்தவள் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை, இன்றுவரை பேசவில்லை. தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். அவளுக்கும் அந்தச் சோதனை நடந்த காலை நினைவுக்கு வந்திருக்கும்.

கடைசியாக, தெரியுமா தெரியாதா என்று ஒரே வார்த்தையில் கேட்டீர்கள். தெரியும். மூலை கட்டவில்லை என்று தெரியும். தண்ணீர் மண்ணிலிருந்து வந்தது என்று தெரியும். அவள் தலைமாட்டில் என்ன வளர்ந்தது என்று தெரியும். அந்த மருந்து யாருக்கு ஆகாது என்று டாக்டரம்மா எனக்குப் புரியும்படி சொல்லியிருந்தார், அதுவும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் நான் கெட்ட தகப்பன் இல்லை. அதற்கு ஒரு சாட்சி உண்டு, நீங்கள் இனி விசாரிக்க முடியாத சாட்சி.

அவள் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை மருந்து வாங்கப் போயிருந்தார், என் மனைவி வெளியே பெஞ்சில் சாய்ந்திருந்தாள். நான் மட்டும் கட்டில் பக்கத்தில் இருந்தேன். பாப்பா கண்ணைத் திறந்தாள். முகமூடியைக் கையால் விலக்கினாள், நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே நின்று நின்றுதான் பேசினாள்.

"அப்பா, அவ்வளவு பாத்துப் பாத்துக் கட்டிக் குடுத்தீங்க. நான்தான் கெடுத்துட்டேன். எம்மேல கோவமா இருக்கீங்களா?"

அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அறையில் வேறு யாரும் இல்லை. எனக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருந்தது. நான் முகமூடியை எடுத்து அவள் முகத்தில் சரியாக வைத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லடா பாப்பா. தெரியாமச் செஞ்சதுதானே" என்றேன். "அப்பா உன்ன மன்னிச்சிட்டேன்."